கண்ணை மூடிச் சோதித்துப் பார்

அலுவிகாரை,
2024 ஒக்டோபர் 6

அன்புத் தம்பி நளீமுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். டோஹாவில் வெயில் இறங்கிவிட்டதா, முதுகு நோவு எப்படி, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? இதையெல்லாம் போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் போன் எடுத்தால் நீ அழ ஆரம்பிக்கிறாய், எனக்குக் கோபம் வந்து வைத்துவிடுகிறேன். ஈமெயிலில் நீ அழுதாலும் எனக்குக் கேட்காது.

கண்டி கிளினிக்கில் டொக்டர் சொன்னதை ஜஸ்லா மதினி உனக்குச் சொல்லியிருப்பா. சொல்லாமல் இருந்தால்தான் அதிசயம். கண்ணுக்குள் அழுத்தமாம். வலது கண் போனது போனதுதான். இடது கண்ணில் நடுவில் மட்டும் ஒரு வட்டம் தெரிகிறது, குழாய்க்குள்ளால் பார்க்கிற மாதிரி. சொட்டு மருந்து விட்டால் அதுவாவது நிற்கலாம் என்றார். நிற்கலாமா, நிற்குமா என்று கேட்டேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

போன கிழமை கலேவெலயிலிருந்து முஹம்மது நானா வந்தார். "ஊட்டப் பூட்டிட்டு எங்களோட வா நாச்சியா. ஒரு ரூம் ஒழிச்சி வெச்சிருக்கோம்" என்றார். கூடப்பிறந்த மூத்தவர், நானா நல்ல மனுஷன். மதினியும் நல்லவதான். ஆனால் அந்த ரூமில் நான் என்ன செய்வேன்? நேரத்துக்குத் தேத்தண்ணி வரும், வருகிறவர்கள் எல்லாம் பாவம் என்பார்கள். உன் மச்சான் பலீல் மௌத்தாகி நான் தனியானதிலிருந்து ஸ்கூல் வினாத்தாள், கல்யாண கார்ட், பள்ளிவாசல் அறிவித்தல் என்று டைப் அடித்துத்தான் தலை நிமிர்ந்து இருக்கிறேன். யார் வீட்டு மூலையிலும் உட்கார எனக்கு மனமில்லை.

அதனால் உன்னோடு ஒரு பந்தயம். காசு கொடுக்காமல் எதையும் தேடி எடுக்கிறதில் நீ கெட்டிக்காரன். பார்வை குறைந்த ஒருத்தி வீட்டுக் கொம்பியூட்டரில் வேலை செய்ய இலவச மென்பொருள் என்னென்ன இருக்கிறது என்று தேடு. நீயே போட்டுச் சோதித்து, நல்லதை மட்டும் அனுப்பு. வருகிற ஹஜ்ஜுப் பெருநாள் வரைக்கும் நான் வேலையை விடாமல் செய்துவிட்டால், நீயும் நானாவும் கலேவெலப் பேச்சை எடுக்கக் கூடாது. முடியாமல் போனால் நானே மூட்டையைக் கட்டுகிறேன்.

உன் ராத்தா,
நாச்சியா

———

டோஹா,
2024 ஒக்டோபர் 11, வெள்ளி

அன்புள்ள ராத்தா,

வஅலைக்குமுஸ்ஸலாம். முதுகு இருக்கிறது, நோவும் கூடவே இருக்கிறது. தானும் என் பிள்ளைகளும் சுகம் என்று உக்குவளையிலிருந்து அஸ்ரா சொன்னாள். நீங்கள் சொட்டு மருந்தைத் தவறவிடாமல் விடுங்கள்.

எனக்குப் பந்தயமும் பிடிக்கவில்லை, நீங்கள் தனியே இருப்பதும் பிடிக்கவில்லை. நானா சொல்வதுதான் சரி. ஆனாலும் நீங்கள் சொன்னால் நான் எப்போது தட்டினேன்? ஜும்ஆ முடிந்து வந்து உட்கார்ந்தேன்.

இந்த இலவச உலகம் நம்ம சந்தையைவிட மோசம் ராத்தா. பெரிய பச்சைப் பட்டனில் இலவசம் என்று எழுதியிருக்கும். அழுத்தினால் நீங்கள் கேட்டது வராது, கேட்காத நாலு வரும். இன்னொன்று சிரித்துக்கொண்டே உள்ளே வரும், ஒரு மாதம் போனதும் அட்டை நம்பர் கேட்டுக் கதவைச் சாத்தும். மூன்றைப் போட்டு மூன்றையும் அழித்தேன். நாலாவதாக ஒரு பூதக்கண்ணாடி அகப்பட்டது. திரையில் எலி போகிற இடமெல்லாம் பெரிதாகக் காட்டும். பின்னணியைக் கறுப்பாக்கி எழுத்தை மஞ்சளாக்கவும் முடியும். உண்மையாகவே இலவசம், வைரஸ் இல்லை, பார்த்துவிட்டேன். லிங்க் கீழே இருக்கிறது.

இங்கிருந்தே உங்கள் கொம்பியூட்டரைத் திறந்து நானே எல்லாம் போட்டுத்தரவும் ஒரு வழி உண்டு. சரி என்று ஒரு சொல் சொல்லுங்கள்.

தம்பி நளீம்

———

அலுவிகாரை,
2024 நவம்பர் 2

தம்பிக்கு,

ஸலாம். இங்கே மழை, துணி காயவில்லை என்பதைத் தவிர வேறு குறை இல்லை. நீ சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

உன் பூதக்கண்ணாடியில் ஒரு எழுத்து சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வருகிறது. அடுத்த எழுத்துக்குப் போவதற்குள் முதல் எழுத்து என்ன என்று மறந்துபோகிறது. ஒரு வரியை முடித்துவிட்டு அடுத்த வரியின் தொடக்கத்தைத் தேடிக்கொண்டே பாதி நாள் போகிறது. கெட்டது என்று சொல்லமாட்டேன், முழுக்கண்ணில் மங்கலாகத் தெரிகிறவர்களுக்கு அது நல்லது. எனக்கு இருப்பது சின்ன வட்டம், அதற்குள் பெரிய எழுத்து அடங்காது.

வாசித்துக் காட்டுகிற ஏதாவது தேடு. தமிழ் வாசிக்க வேண்டும்.

தூரத்திலிருந்து என் கொம்பியூட்டரைத் திறக்கிற பேச்சு வேண்டாம். நான் தடுமாறுவதை நீ அங்கிருந்து பார்த்துக்கொண்டிருப்பதற்கா? இடது கண் அப்படியேதான் இருக்கிறது, கவலைப்படாதே.

நாச்சியா ராத்தா

———

டோஹா,
2024 நவம்பர் 15, வெள்ளி

ராத்தா, ஸலாம்.

இந்தக் கிழமை இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்தேன். கடிதம் சின்னதாக இருந்தால் கோபிக்க வேண்டாம்.

கிடைத்துவிட்டது! திரையில் இருப்பதை வாசிக்கும் ரீடர். கண் தெரியாத இரண்டு பேர் சேர்ந்து, தங்களைப் போன்றவர்களுக்காகச் செய்ததாம். முழுக்க இலவசம், ஒரு மாதத்தில் கதவைச் சாத்துகிற வகை இல்லை. தமிழ்க் குரலும் சேர்த்தேன். மூக்கடைத்தவன் மாதிரிப் பேசுகிறது, ஆனால் சொல் விளங்குகிறது. ஒரு தமிழ்ப் பத்திரிகையின் பக்கத்தைத் திறந்து எலியை வைத்தேன், தலைப்பிலிருந்து கடைசி வரைக்கும் அழகாக வாசித்தது. முதல் தரம். நான் சோதித்துவிட்டேன், பயப்படாமல் போடுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நளீம்

———

அலுவிகாரை,
2024 டிசம்பர் 8

நளீமுக்கு,

ஸலாம். சுகமாக இருக்கிறாய் என்று எடுத்துக்கொள்கிறேன். நான் கோபமாக இருக்கிறேன்.

ரீடரைப் போட்டேன். ஸ்கூலுக்கு அடித்த பழைய வினாத்தாள் ஒன்றைத் திறந்தேன். முதல் சொல் அம்மா. அது என்ன வாசித்தது தெரியுமா? "எம், கே, செமிகோலன், கே, எச்." அடுத்த தாளும் அப்படித்தான். பள்ளி அறிவித்தல், நான் அடித்த கல்யாண கார்ட், பலீல் மச்சானின் ஜனாஸா அறிவித்தல் கூட. எல்லாம் எம், கே, செமிகோலன். இத்தனை வருஷமாக நான் அடித்த தமிழ் முழுவதும் அந்த இயந்திரத்துக்கு வெறும் உளறல். கையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன். அழக்கூட வரவில்லை.

முதல் தரம் என்றாயே. எலியை வைத்தேன் என்று எழுதியிருக்கிறாய். எலி எங்கே நிற்கிறது என்று பார்க்கத் தெரிந்தால் எனக்கு ரீடர் எதற்கு? நீ கண்ணை விரியத் திறந்துகொண்டு சோதித்திருக்கிறாய். கண்ணை மூடிச் சோதித்துப் பார். அதற்குப் பிறகு எழுது.

நாச்சியா

———

டோஹா,
2024 டிசம்பர் 20, வெள்ளி

அன்புள்ள ராத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கோபம் ஆறியிருக்கும் என்று நம்பித்தான் எழுதுகிறேன். ஆறாவிட்டாலும் வாசியுங்கள்.

இன்றைக்கு ஜும்ஆ முடிந்ததும், அரபிகள் தலையில் கட்டுகிற துணியால் கண்ணை இறுக்கிக் கட்டிக்கொண்டு லப்டொப் முன்னால் உட்கார்ந்தேன். ரூமில் இருக்கிற நேபாளத்துக்காரன் சிரித்தான். நானும் சிரித்தேன். கொஞ்ச நேரம்தான். ரீடர் பேசத் தொடங்கியது, எப்படி நிறுத்துவது என்று தெரியவில்லை. எதையோ அழுத்தினேன், வேறு எதையோ வாசித்தது. கோப்பையைத் தட்டித் தேத்தண்ணியைக் கட்டிலில் ஊற்றினேன். உங்களுக்கு ஒரே ஒரு வரி எழுத வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். அஸருக்குப் பாங்கு சொல்லும் வரைக்கும் மல்லுக்கட்டி, "ராத்தா சுகமா" என்று அடித்து முடித்தேன். துணியை அவிழ்த்துப் பார்த்தால், அதைக் கடிதத்தில் அல்ல, தேடுகிற பெட்டிக்குள் அடித்திருக்கிறேன். ராத்தா சுகமா என்று உலகத்தையே கேட்டிருக்கிறேன்.

நான் பயந்துபோனேன் ராத்தா. நினைத்தால் அவிழ்க்கலாம் என்று தெரிந்தும் பயந்தேன். உங்களுக்கு அவிழ்க்கத் துணி இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். குறை ரீடரில் இல்லை. நாம் எல்லோரும் பழகிய பாமினி எழுத்துத்தான் காரணம். அது ஒரு முகமூடி. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, மேலே தமிழ் உருவம் போட்டிருக்கிறார்கள். கண் முகமூடியைப் பார்க்கிறது, ரீடர் உள்ளே இருப்பதைப் படிக்கிறது. அலுவலகக் கடிதம் அடிக்கிறவர் முதல் கல்யாண கார்ட் அடிக்கிறவர் வரைக்கும் நம்ம நாட்டில் பாதிப்பேர் இப்படித்தான் அடித்து வைத்திருக்கிறார்கள், உங்கள் மேல் பிழை இல்லை. பழையதை உண்மையான தமிழ் எழுத்தாக மாற்றுகிற இலவச மாற்றி ஒன்று அனுப்புகிறேன். கூடவே ஒரு விசைப்பலகை மென்பொருள். விரல் பழைய இடத்துக்கே போகும், எழுத்து மட்டும் புதிய முறையில் விழும். புதிதாகப் பழக வேண்டாம். இரண்டையும் கண்ணைக் கட்டித்தான் சோதித்தேன்.

இவ்வளவும் எழுதிவிட்டு இன்னொன்றும் சொல்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமைக்கே என் பாடு இப்படி. தயவு செய்து நானா வீட்டுக்குப் போங்கள்.

நளீம்

———

அலுவிகாரை,
2025 பெப்ரவரி 1

அன்புத் தம்பிக்கு,

ஸலாம். பதில் பிந்திவிட்டது. இடையில் கிளினிக்கும் இருந்தது. டொக்டர் வழக்கம்போல் பார்த்தார், வழக்கம்போல் மருந்து தந்தார். உன் முதுகுக்கு எண்ணெய் ஏதாவது தடவுகிறாயா? அஸ்ராவிடம் கொடுத்துவிட்டால் யாராவது வரும்போது கிடைக்கும்.

மாற்றி வேலை செய்கிறது. எல்லாவற்றையும் மாற்றி முடிக்க அலுத்துப்போய்விட்டது, ஆனாலும் மாற்றிவிட்டேன். ஜனாஸா அறிவித்தலையும் மாற்றினேன். "பலீல் அவர்கள் காலமானார்கள்" என்று அந்த மூக்கடைத்தவன் வாசித்தான். எத்தனை வருஷத்துக்குப் பிறகு யாரோ வந்து புதிதாகச் செய்தி சொன்ன மாதிரி இருந்தது.

இப்போது குரலின் வேகத்தைக் கூட்டிக்கொண்டே வருகிறேன். முதலில் ஒரு சொல்லுக்குக் காத்திருந்தேன், இப்போது அவன்தான் எனக்குப் பின்னால் ஓடி வருகிறான். உன் கடிதத்தையும் பழக்கத்துக்காக அவனையே வாசிக்க விட்டேன். நீ பயந்துபோனதை விலைப்பட்டியல் வாசிக்கிற மாதிரி வாசித்தான். ஆனாலும் எனக்கு விளங்கியது.

முதல் தவணைக்கு வினாத்தாள் அடிக்க ஸ்கூல் ஆசிரியர் ஜிப்ரி சேர் கேட்டிருக்கிறார். ஒப்புக்கொண்டேன். அவர் சொல்லச் சொல்ல அடிக்க வேண்டும், அவ்வளவுதான். கலேவெலக்குப் போகமாட்டேன். பெருநாள் இன்னும் வரவில்லை.

உன் ராத்தா,
நாச்சியா

———

டோஹா,
2025 மார்ச் 14, வெள்ளி

அன்புள்ள ராத்தா,

ஸலாம். நோன்பு எப்படிப் போகிறது? இங்கே ஸஹருக்கு எழும்பினால் பிறகு தூக்கமில்லை, ஸ்டோரில் பெட்டிகளின் மேல் சாய்ந்துகொண்டே கண்ணயர்கிறேன். போன கிழமை மேற்பார்வையாளர் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பிவிட்டான். வயது போகிறது.

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். ஒரு எழுத்துப் பிழை இல்லை. ஒக்டோபரில் எழுதியதைவிடச் சுத்தமாக இருக்கிறது. மருந்து வேலை செய்கிறது, கண் தேறி வருகிறது போல. அல்ஹம்துலில்லாஹ். நானாவுக்கும் சொன்னேன், அவரும் சந்தோஷப்பட்டார்.

துஆச் செய்யுங்கள்.

நளீம்

———

டோஹா,
2025 மே 23, வெள்ளி

ராத்தாவுக்கு,

ஸலாம். நோன்புப் பெருநாள் வாழ்த்துக்குக்கூட நீங்கள் பதில் எழுதவில்லை. நடந்ததை நானாவிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

தவணைப் பரீட்சைத் தாளில் இலக்கம் எல்லாம் கோணலாக வந்ததாமே. அதே தாளை ஸ்கூல் முழுக்கப் பிரதி எடுத்துக் கொடுத்துவிட்டார்களாம். ஊரில் கதையாகிவிட்டது என்கிறார் நானா. நீங்கள் அழுதுகொண்டு இருப்பீர்கள் என்று நினைக்க எனக்குத் தாங்கவில்லை.

போதும் ராத்தா. நான் களைத்துவிட்டேன். தேடினேன், போட்டேன், அழித்தேன், கண்ணைக் கட்டினேன். எந்த மென்பொருளாலும் நீங்கள் தனியே இருப்பதைச் சரிசெய்ய முடியாது. இது தோல்வி என்றால் என் தோல்வி, நான்தான் சரியாகச் சோதிக்கவில்லை. ஜூன் முதலாம் திகதி ஞாயிற்றுக்கிழமை நானா வேன் கொண்டு வருவார். உடுப்பை எடுத்து வையுங்கள். கொம்பியூட்டரையும் ஏற்றச் சொல்லியிருக்கிறேன்.

கோபிக்க வேண்டாம்.

நளீம்

———

அலுவிகாரை,
2025 ஜூன் 1, ஞாயிறு, அஸருக்குப் பிறகு

அன்புத் தம்பி நளீமுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். உடம்பு சுகம். மனசைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன்.

நானா வந்தார். வேனுக்குள் ஜஸ்லா மதினி கொடுத்துவிட்ட மெத்தை வேறு. தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போதே ஜிப்ரி சேர் வந்துவிட்டார், கையில் அடுத்த தவணைத் தாள். நானா தேத்தண்ணி உறிஞ்சுவதை நிறுத்தினார். "அந்தத் தாளுக்குப் பொறகுமா சேர்?" என்று கேட்டார்.

நடந்தது இதுதான். போன வருஷத் தாளின் மேலேயே புதிய தாளை அடித்தேன். தமிழ் எழுத்து எல்லாம் சரியாக விழுந்தது. கேள்விக்குள் வருகிற ரோமன் இலக்கம் மட்டும் ஆங்கில எழுத்துத்தானே, அது பழைய பாமினி முகமூடியைப் போட்டுக்கொண்டது. என் காதுக்கு ஐ, ஐ ஐ, ஐ ஐ ஐ என்று சரியாகக் கேட்டது. பாமினியில் ஆங்கில ஐ என்றால், கடதாசியில் கை, பை எழுத முன்னால் போடுவோமே, அந்தக் கொம்பு. ஒன்றுக்கு ஒரு கொம்பு, மூன்றுக்கு மூன்று கொம்பு. முன்பு கண்ணுக்குச் சரியாக இருந்தது காதுக்கு உளறலானது, இப்போது காதுக்குச் சரியாக இருந்தது கண்ணுக்கு உளறலானது. நீ கண்ணைக் கட்டிச் சோதித்ததால் உனக்கும் அது தெரிந்திருக்காது. உன் மேல் பிழை இல்லை.

ஜிப்ரி சேர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஒரு புள்ளையும் கேள்வி கேக்கல்ல. எல்லாப் புள்ளைகளும் அதே கொம்பப் போட்டு, அதுக்கு நேரா விடை எழுதியிருக்குதுகள். நானும் அதே கொம்பப் பாத்துப் புள்ளி போட்டேன்." நானா வாயில் இருந்த தேத்தண்ணி புரைக்கேறி இருமினார்.

நான் சிரிக்கவில்லை. பாவம் பார்த்து வேலை தருகிறீர்களா என்று நேராகக் கேட்டேன். சேர் கதிரையை இழுத்து உட்கார்ந்தார். பிறகு, "அந்தத் தாள நான் பாத்தேன், அதிபர் பாத்துக் கையெழுத்து வெச்சாரு, பிரதி எடுத்தவரும் பாத்தாரு. நாலு பேருல கண் தெரியாதவங்க நீங்க மட்டும்தான். பாவம் பாக்கிறதுன்னா எங்களத்தான் பாக்கணும்" என்றார். இனி அச்சுக்குப் போகுமுன் அவர் ஒரு தரம் பார்ப்பார். அது எப்போதுமே இருந்திருக்க வேண்டிய வழக்கம்.

சேர் தாளைச் சொல்லத் தொடங்கினார், நான் அடித்தேன். நானா பின்னால் நின்றார். திரை கறுப்பாக இருந்ததைக் கண்டு, "கரண்ட் போயிட்டா?" என்றார். மொனிட்டரைப் போடுவதே இல்லை, எதற்கு வீணாக என்றேன். அடித்து முடித்ததை அந்த மூக்கடைத்தவன் வாசித்தான். நடுவில் ஒரு சொல்லை நிறுத்தித் திருத்தினேன். நானா என் தலையில் கையை வைத்துவிட்டு வெளியே போனார். மெத்தையை மட்டும் இறக்கி வைத்திருக்கிறார், மதினி இங்கே வந்து தங்கும்போது படுக்கவாம்.

நானாவுக்குத் தெரிந்துவிட்டது, அதனால் உனக்கும் தெரிய வேண்டும். ஜனவரிக் கிளினிக்கில் டொக்டர் இடது கண்ணுக்கு டோர்ச் அடித்தார். அவர் சட்டை என் கையில் பட்ட பிறகுதான் அவ்வளவு கிட்டே நிற்கிறார் என்று தெரிந்தது. டோர்ச் எனக்குத் தெரியவில்லை. பெப்ரவரிக் கடிதம் முழுவதும் பார்க்காமல் எழுதியது. இதுவும் அப்படித்தான். கண் தேறி வருகிறது என்று நீ எழுதியதை அவன் வாசித்தபோது முதலில் சிரிப்பு வந்தது. வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். பிறகு அழுதேன் நளீம், நன்றாக அழுதேன். சொல்லியிருந்தால் நீ வேலையை விட்டுவிட்டு வந்திருப்பாய், நானா அன்றைக்கே வேனைக் கொண்டு வந்திருப்பார். என்னால் முடிகிறதா என்று எனக்கே தெரியாத நேரத்தில், முடியாது என்று சொல்ல யாரையும் விட எனக்கு மனமில்லை.

பெருநாளைக்கு நான் என் வீட்டில்தான். பந்தயம் முடிந்தது.

போன கிழமை அஸ்ரா பிள்ளைகளோடு வந்துவிட்டுப் போனாள். உன் தாடி முழுவதும் நரைத்துவிட்டதாம், அவளுக்கு அது பிடிக்கவில்லையாம். எனக்குத் தெரிந்த நளீமின் தாடி கறுப்பு. நீ எப்போது வந்தாலும் எனக்கு அது கறுப்புத்தான். அதைக் காட்டித்தர ஒன்றும் தேடாதே. இனி வெள்ளிக்கிழமைகளில் தூங்கு.

உன் ராத்தா,
நாச்சியா